மதகை மூடிய கை

பிப்ரவரி 10, திங்கள்

புது வேலை வந்து சேர்ந்தது. நான்கு ஹார்டு டிஸ்க், குளியல் துண்டில் சுற்றி, மேலே ரப்பர் பேண்ட் போட்டு. கொண்டுவந்தவன்தான் இயக்குநர். முப்பதைத் தாண்டியிருக்க மாட்டான். முதல் படம். அணை கட்டித் தண்ணீர் தேக்கியதில் முழுகிப்போன ஒரு பள்ளத்தாக்கைப் பற்றிய ஆவணப்படம். அங்கேயே மூன்று வருடம் குடியிருந்து எடுத்தானாம். உட்காரச் சொன்னேன். டிஸ்க்குகளை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான், பிள்ளையை ஹாஸ்டலில் விட வந்தவன் மாதிரி.

எனக்கு இது மூன்றாவது அணைப் படம். முந்தைய இரண்டையும் வெட்டி ஒட்டியவள் நான்தான். இரண்டிலும் கடைசி ஷாட் ஒன்றேதான். கரையில் யாராவது முதுகு காட்டி நின்று தண்ணீரைப் பார்ப்பார்கள். உன்னிடமும் அது இருக்கிறதா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தான்.

"நிறைய இருக்குக்கா."

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். மருந்துக் கடையைப் பூட்டிவிட்டு வந்த அலுப்பில் இருந்தார். எல்லாரும் அழுவாங்களா என்று கேட்டார். அழுவார்கள் என்றேன். அப்படியானால் தனக்கு டிக்கெட் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கால் நீட்டிப் படுத்தார்.

பிப்ரவரி 14

நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கீழே சைக்கிள் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் சத்தம். இங்கே கறுப்புத் துணி போட்ட ஜன்னல், சொட்டுகிற ஏ.சி., அதற்கு அடியில் ஒரு வாளி. திரையில் வேறு ஒரு ஊர்.

படத்தில் இரண்டே பேர்தான் முக்கியம். அக்கா, தம்பி.

அக்கா அந்த ஊர் சுகாதார நிலையத்தின் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளத்தாக்கில் பாதிப் பேரைப் பிறந்தபோது கையில் வாங்கியது அவர்தான். எல்லாருக்கும் நர்ஸம்மா. அறுபதை ஒட்டிய வயது, விடுவிடுவென்று நடப்பார், கேமரா பின்னால் ஓடி மூச்சு வாங்குவது பதிவாகியிருக்கிறது.

தம்பி அணையில் வேலை பார்க்கிறார். மதகை ஏற்றி இறக்கும் ஆபரேட்டர். நிலம் போனவர்கள் வீட்டுக்கு ஒரு வேலை என்று துறை சொன்னபோது போய் வாங்கிக்கொண்டவர் இவர் ஒருவர்தான். அன்றைக்கே ஊர் அவரை ஒதுக்கி வைத்துவிட்டது. 'ஷட்டர்காரர்' என்றுதான் சொல்கிறார்கள். பேட்டியில் ஒவ்வொரு வாக்கியத்தையும் 'அதாவது' என்று தொடங்குகிறார். அதற்குப் பிறகு விளக்கம் எதுவும் வருவதில்லை.

பிப்ரவரி 17

நடந்தது இது. மதகை மூடப்போகும் தேதியைத் துறை முன்கூட்டியே அறிவித்திருந்தது. அன்றைக்கு ஊரே போய் அணைமேல் உட்கார்ந்துகொள்வதாகத் திட்டம். அது தெரிந்தோ என்னவோ, இரண்டு நாள் முன்னாலேயே, விடியும் நேரத்தில், யாரிடமும் சொல்லாமல் மூடிவிட்டார்கள். ஊர் தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஆனால் தூங்கவில்லை. மூடுவதற்கு முன்பே நர்ஸம்மா வீடு வீடாகக் கதவைத் தட்டி எல்லாரையும் எழுப்பிவிட்டார். மேல் ரோட்டில் போன ஒரு லாரிக்காரர் விஷயத்தைச் சொன்னதாகச் சொல்கிறார். படுத்த படுக்கையாக இருந்தவர்கள், கைக்குழந்தைகள், மாடுகள் எல்லாம் மேடேறிவிட்டன. மத்தியானம் கீழ்த்தெருவில் தண்ணீர்.

இயக்குநர் அப்போது அதே தெருவில் வேறொரு வீட்டில் தங்கியிருந்தான், அவனையும் நர்ஸம்மாதான் தட்டி எழுப்பினார். கண்ணைக் கசக்கிக்கொண்டே கேமராவை எடுத்திருக்கிறான். முதல் சில நிமிடம் ஒரே ஆட்டம். அதுதான் நன்றாக இருக்கிறது.

பிப்ரவரி 19

இன்று அந்த வாக்கியம் கிடைத்தது. எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து எடுத்த பேட்டி. மேட்டில் தகரக் கொட்டகை முன்னால் நர்ஸம்மா நிற்கிறார். அணையைப் பற்றி ஏதோ கேட்கிறான். அவர் அதை விட்டுவிட்டு, கணீரென்று சொல்கிறார்:

"என் வீட்டைத் தண்ணியில முக்கினது என் தம்பிதான். அன்னிக்கு டூட்டியில இருந்தது அவன்தான். அவன் கையாலதான் மூடினான். இனி எனக்குத் தம்பி கிடையாது."

மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். ஒரே குறை, பார்வை கேமராவில் இல்லை. கொஞ்சம் வலது பக்கம் தள்ளி யாரையோ பார்த்துச் சொல்கிறார். பொறுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 24

க்ளைமாக்ஸ் வெட்டி முடித்தேன். பொத்தான்மேல் ஷட்டர்காரரின் கை. வாசலில் நிற்கும் அக்கா. மதகு இறங்குகிறது. அக்கா நிலைப்படியைத் தொடுகிறார். கை. தண்ணீர். கை. கடைசியாக அந்த வாக்கியம்.

இயக்குநர் பார்த்துவிட்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டான். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. நான் டீ சொல்லி அனுப்பினேன். நல்ல கட் என்று எனக்கும் தெரியும். தெரிந்த வேலை.

பிப்ரவரி 25

ஏ.சி. வாளி நிரம்பி வழிந்து ஒயர் எல்லாம் ஈரம். அரை நாள் துடைத்தேன். நீரில் முழுகிய படம் என்று கணவர் சிரிக்கிறார்.

மார்ச் 3

ஒலி வேலை. மூடிய அன்று காலை நர்ஸம்மாவின் புடவையில் ஒரு சின்ன மைக் குத்தியிருக்கிறான். பிறகு கேமராவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டான். மைக் பாட்டுக்கு வீட்டுக்குள் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. அதை அவன் முழுதாகக் கேட்டதே இல்லை. மூச்சிரைப்பும் பாத்திரச் சத்தமும்தானே என்று விட்டுவிட்டான். எனக்கு எதையும் கேட்காமல் தள்ளிப் பழக்கமில்லை.

ஹெட்போனில் கேட்டேன். பாத்திரம். டிரங்குப் பெட்டி இழுபடும் சத்தம். தூரத்தில் அணையின் சைரன், மதகு இறங்கும்போது ஊதுவது. அது ஊதிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் ஒரு ஆண் குரல்:

"அதாவது… இந்தப் பீரோ கதவைக் கழட்டினாத்தான் வெளிய வரும்க்கா."

நிறுத்தினேன். பின்னால் போய் மறுபடி கேட்டேன். பேட்டியை எடுத்து வைத்துக்கொண்டு குரலோடு குரலை ஒப்பிட்டேன். அவரேதான். மதகு இறங்கும்போது ஷட்டர்காரர் அணையில் இல்லை. அக்கா வீட்டில் பீரோ தூக்கிக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் பொத்தான்மேல் இருக்கிற கை? அந்த ஷாட்டின் தேதியைப் பார்த்தேன். மூடுவதற்குப் பல வாரம் முன்னால், மதகைச் சும்மா ஓட்டிப் பார்த்த நாளில் எடுத்தது.

அப்புறம் ஏன் அந்த அம்மா அப்படிச் சொல்லணும்? கோபமா? வேலைக்குப் போனதே துரோகம், கையால் மூடினால் என்ன மூடாவிட்டால் என்ன என்ற கணக்கா? தெரியவில்லை.

மார்ச் 4

இயக்குநரைக் கூப்பிட்டுக் கேட்க வைத்தேன். முகம் வெளுத்துவிட்டது. நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. பிறகு வாதாட ஆரம்பித்தான். கை அவருடையதுதானே, வேறு யார் கையையும் ஒட்டவில்லையே என்றான். அந்த அம்மாவே தன் வாயால் சொல்கிறார், நாம் ஒன்றும் சொல்லவில்லையே என்றான். இதை எடுத்துவிட்டால் படத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்றும் கேட்டான்.

கடைசிக் கேள்வி மட்டும்தான் நேர்மையானது.

மார்ச் 5

இன்றும் அதே. நான் குரலை உயர்த்தவில்லை. "தம்பி, ஒரு மனுஷனை ஊரே காறித் துப்பறதுக்கு நாம இங்க உட்கார்ந்து வசதி பண்ணிக் கொடுக்கறோம். எனக்கு முடியாது. என் பேரை எடுத்துட்டு வேற ஆள வெச்சு வெட்டிக்கோ" என்றேன்.

டிஸ்க்குகளைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மார்ச் 6

வேலை இல்லை. கடைக்குப் போய்க் கணவருக்கு மருந்து அட்டைகளை அடுக்கிக் கொடுத்தேன். காலாவதித் தேதி வாரியாக. இருமல் மருந்துக்கு வந்த ஒருவர் என்னைப் புது ஆள் என்று நினைத்துவிட்டார்.

மார்ச் 10

திரும்பி வந்தான். தாடி நாலு நாள் வளர்ந்திருந்தது. டிஸ்க்குகளை மேசைமேல் வைத்துவிட்டு, "சரிக்கா. உள்ளதை உள்ளபடி வெட்டுங்க. படம் படுத்தா நானும் கூடவே படுத்துக்கறேன்" என்றான்.

மார்ச் 27

புது க்ளைமாக்ஸ். பொத்தானும் இல்லை, கையும் இல்லை. வெறும் வீட்டு வாசல், சைரன், உள்ளே இருந்து அவர் குரல். பீரோ கதவு. பிறகு அக்கா தம்பியைத் திட்டும் பேட்டி. அதற்குப் பிறகு மௌனம். யார் சொல்வது நிஜம் என்று பார்ப்பவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.

முந்தையதைவிட நன்றாக இருக்கிறது. அதைச் சொன்னவன் இயக்குநர். எனக்கு இதில் கொஞ்சம் பெருமைதான். இல்லை என்று எழுதினால் பொய்.

ஏப்ரல் 2

தயாரிப்பாளர் பார்த்தார். தம்பியை மன்னிக்க வைக்கிற படம் என்றார். ஒப்புதல்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நர்ஸம்மா வந்தார். வெளியே காட்டுவதற்கு முன்னால் அவருக்குக் காட்டுவதாக இயக்குநர் வாக்குக் கொடுத்திருந்தான். காலை பஸ்ஸில் தனியாகவே வந்துவிட்டார். தோளில் பை, கையில் குடை. மாடி ஏறியதும், மூச்சு வாங்குகிற எங்களைப் பார்த்து, ரெண்டு பேருக்கும் ரத்தக் கொதிப்பு பார்த்தாச்சா என்று கேட்டார்.

திரையில் தன் தெருவைப் பார்த்தபோது கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். யார் யார் வீடு என்று எனக்கு மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். அழவில்லை. அழுகிற இடங்களில் நானும் இயக்குநரும்தான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த இடம் வந்தது. சைரன். 'அதாவது' என்று குரல்.

நர்ஸம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"நிறுத்துங்க. இது எப்படி வந்துச்சு?"

மைக் கதையைச் சொன்னோம். தன் புடவைத் தலைப்பை, இப்போதும் அங்கே ஏதோ குத்தியிருப்பது மாதிரி, தடவிப் பார்த்துக்கொண்டார். யார் யார் கேட்டீர்கள் என்று கேட்டார். எங்கள் இருவரோடு தயாரிப்பாளர் என்றேன். உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. அதற்குப் பிறகு சொன்னார்.

லாரிக்காரர் யாரும் வரவில்லை. முன்கூட்டியே மூடப்போகிற விஷயம் அணையில் அன்று வேலையில் இருந்த சிலருக்கு மட்டும்தான் தெரியும். விஷயம் வெளியே போனால் வேலை போகும், கேஸும் வரும் என்று மிரட்டித்தான் சொல்லியிருக்கிறார்கள். தம்பி டூட்டியை விட்டு, சைக்கிளை மிதித்து வந்து அக்காவை எழுப்பியிருக்கிறார். கூட வேலை பார்த்தவர் இவருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டு, அவரே பொத்தானை அழுத்திவிட்டார். ஊர் காலியானதும் துறைக்குச் சந்தேகம், உள்ளே இருந்துதான் யாரோ சொல்லியிருக்க வேண்டும் என்று. விசாரணை வைத்தார்கள். முதல் சந்தேகம் யார்மேல் விழும்? அந்த ஊர்க்காரர் ஒருவர்தானே அணையில் இருந்தார்.

"இந்தப் பிள்ளை என்னைப் பேட்டி எடுத்தான் பாருங்க, அன்னிக்கு விசாரிக்க வந்த ஆபீசர் இவன் பக்கத்துலதான் நின்னான். குடை புடிச்சுக்கிட்டு. நான் கேமராவுக்கா சொன்னேன்? அவன் காதுல விழட்டும்னுதான் சொன்னேன். பெத்த அம்மா மாதிரி இருக்கற அக்காவே இப்படிக் கத்தறாளே, அப்ப இவன் சொல்லியிருக்க மாட்டான்னு எழுதிக்கிட்டுப் போனான்."

வலது பக்கம் தள்ளிப் போன பார்வை. நான் குறை சொன்ன பார்வை.

இயக்குநர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த அதிகாரி ஃப்ரேமுக்குள் வந்துவிடுவாரோ என்றுதான் அன்று தனக்குக் கவலையாக இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னான்.

விசாரணை இன்னும் மூடவில்லையாம். தம்பிக்கு ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லை. கையெழுத்துப் போட்ட நண்பருக்கு இன்னும் நிறைய வருடம் இருக்கிறது, சின்னக் குழந்தைகள். மேட்டில் இருக்கிறவர்களிடம் சொல்லலாமே, அவர்கள் தலையில் வைத்துக் கொண்டாடுவார்களே என்று கேட்டேன். "கொண்டாடுவாங்க. டீக்கடையில உட்கார்ந்து கொண்டாடுவாங்க. மறுநாளே ஆபீசர் காதுக்குப் போகும்" என்றார்.

அப்படியானால் நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லையா?

மாதம் ஒருமுறை டவுன் ஆஸ்பத்திரி வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது மாதிரி நிற்பார்களாம். இவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு, அவர் ஒரு பக்கம் பார்த்துக்கொண்டு. பஸ் வரும் வரை பேச்சு. பஸ் சீக்கிரம் வந்துவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததில் போவார்களாம்.

கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் என் தம்பி இருந்தான் என்பது படத்தில் இருக்கக் கூடாது, அவன் கைதான் மூடியது என்றே இருக்கட்டும் என்றார். கெஞ்சலாக இல்லை. ஊசி போட்டபின் இந்தப் பக்கம் படுக்கக் கூடாது என்று சொல்கிற மாதிரி.

ஏப்ரல் 9

என்ன எழுத? நான் போராடி வாங்கின நியாயம் ஒரு ஆளை ஜெயில் வாசல் வரைக்கும் கொண்டுபோயிருக்கும்.

ஏப்ரல் 10

பழைய க்ளைமாக்ஸைத் திரும்ப எடுத்து வைத்தேன். அழிக்காமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. கை, வாசல், மதகு, கை, தண்ணீர். அந்த மைக் பதிவை எல்லா டிஸ்க்கிலிருந்தும் அழித்தோம். நான் பொத்தானைக் காட்டினேன், இயக்குநர் அழுத்தினான்.

அவனுக்கு அவன் விரும்பின படம் கிடைத்துவிட்டது. முகத்தில் சந்தோஷமில்லை. மத்தியானம் சாப்பிடாமலேயே போனான்.

தயாரிப்பாளர் ஏன் மாற்றினீர்கள் என்று குதித்தார். கதைக்கு இதுதான் வலு என்று நான் சொன்னேன். நான் சொன்னால் கேட்பார்.

ஏப்ரல் 24

ஒலிக் கலவை முடிந்தது. படம் கையை விட்டுப் போயிற்று.

ஜூலை 19, சனி

மேட்டுக் குடியிருப்பில் படம் போட்டார்கள். நானும் போனேன். இத்தனை மாதம் திரையில் பார்த்த மனிதர்கள் எதிரில் நடந்து வரும்போது யாரென்று தெரியாதது மாதிரி இருப்பது கஷ்டம். ஒரு பெண்ணிடம் முட்டி வலி எப்படி என்று கேட்டுவிட்டேன். அவருக்கு ஆச்சரியம்.

சமுதாயக் கூடம். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி தகரக் கதவுகள். நம்பர் போட்டிருக்கிறது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், வெள்ளைச் சுவரே திரை. நர்ஸம்மா முன் வரிசையில். ஷட்டர்காரர் கடைசியில், சுவரோரமாக. அவரைச் சுற்றி நாற்காலிகள் காலியாக இருந்தன. இடம் போதாமல் நின்றவர்கள்கூட அங்கே உட்காரவில்லை.

பொத்தான்மேல் கை வந்தபோது கூடத்தில் ஒரு முனகல். பிறகு ஒருவர் திரும்பிப் பார்த்தார். அப்புறம் வரிசை வரிசையாக எல்லாரும். ஷட்டர்காரர் திரையைப் பார்த்தபடியே இருந்தார். நர்ஸம்மா திரும்பவே இல்லை. ஓரமாக நின்ற ஒரு பெரியவர், எல்லாருக்கும் கேட்கும்படி, இந்தக் கை விளங்குமா என்றார்.

படம் முடிந்து டீ. எனக்குப் பக்கத்தில் நின்ற மாட்டுக்காரர் ஒருவர், அந்த லாரிக்காரர் மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் தன் அம்மாவைக் கட்டிலோடு தண்ணீர் கொண்டுபோயிருக்கும் என்றார். "அவர் யாருன்னு மட்டும் தெரிஞ்சா கால்ல விழுந்துடுவேங்க. முகம்கூடத் தெரியாம போச்சு" என்றார். நாலு அடி தள்ளி ஷட்டர்காரர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு யாரும் டீ கொடுக்கவில்லை.

நான் இரண்டு டம்ளர் எடுத்தேன். அவர் பக்கம் ஓர் அடி வைத்திருப்பேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நர்ஸம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தலையை அசைத்தாரா இல்லையா என்று சொல்ல முடியாத அளவுக்கு ஓர் அசைவு.

இரண்டு டீயையும் நானே குடித்தேன்.

இருட்டுவதற்கு முன் பஸ் நிறுத்தத்துக்கு வந்தோம். இயக்குநர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தான். ஷட்டர்காரர் வேலைக்குப் போக அங்கே வந்து நின்றார். யாரும் இல்லை. என்னைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அதாவது… கை நல்லா விழுந்திருக்கு. தெரிஞ்சிருந்தா நகத்தை வெட்டிட்டு வந்திருப்பேன்."

கஷ்டமாக இல்லையா என்று கேட்டேன். ஊர் பேசாதது பழகிவிட்டது என்றார். அக்கா வீட்டு விளக்கு எரிகிறதா என்று தினம் ராத்திரி டூட்டிக்குப் போகும்போது பார்த்துக்கொள்வாராம். காய்ச்சல் கண்டால்கூடப் போய்க் கேட்க முடியாது, அதுதான் என்றார். பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

ஜூலை 20

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இவரிடம் சொன்னால் வெளியே போகாது, இவருக்கு மறதி. முழுதும் கேட்டார். பிறகு, "அந்த ஆளு முன்னாடி நீ ரெண்டு டீ குடிச்சிருக்கியே" என்றார். சிரிப்பாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 12

ஏதோ ஒரு விழாவில் படத்துக்குப் பரிசு. படத்தொகுப்புக்கு. 'கையையும் வாசலையும் இணைத்த விதத்துக்காக' என்று எழுதியிருக்கிறார்களாம். இயக்குநர் போனில் படித்துக் காட்டினான். சரி என்றேன். அவனும் சரிக்கா என்றான்.

அக்டோபர் 30

அவனுக்கு இப்போது நிறையப் பேர் போன் செய்கிறார்கள். அந்தத் தம்பியைத் திரும்பச் சந்தித்தீர்களா, அவர் வருந்துகிறாரா என்று எல்லாப் பேட்டியிலும் கேட்கிறார்களாம். என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவர் தன் வேலையைத்தான் செய்தார் என்று சொல்கிறானாம். அதைக் கேட்டு இன்னும் கோபப்படுகிறார்களாம். மூன்று வருடம் எடுத்த படத்தைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை என்றான்.

டிசம்பர் 5

பிஸ்கட் விளம்பரம். ஒரு குழந்தை, ஒரு நாய். நாய்தான் நன்றாக நடிக்கிறது.

ஜனவரி 9

இயக்குநர் வந்தான். விசாரணையை மூடிவிட்டார்களாம். 'தகவல் வெளியான வழி தெரியவில்லை' என்று எழுதி முடித்திருக்கிறார்கள். அதிகாரிகள் படத்தையும் பார்த்தார்களாம். டிஸ்க்கைக் கேட்டு வாங்கிப் போனபோது இவனுக்கு உயிரே இல்லையாம், இப்போதுதான் சொல்கிறான். எனக்கு அன்றே ஏன் சொல்லவில்லை என்று திட்டினேன். "உங்களுக்கும் கொதிப்பு ஏறிடும்னுதான்" என்றான்.

மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டான்.

பிப்ரவரி 2, திங்கள்

காலைப் பத்திரிகையில் ஒரு செய்தி. உள் பக்கம், போட்டோவோடு. மேட்டுக் குடியிருப்பில் அக்காவும் தம்பியும் சேர்ந்துவிட்டார்கள். ஷட்டர்காரர் சனிக்கிழமை ஓய்வு பெற்றார். ஞாயிறு காலை, ஊர் பார்க்க, நர்ஸம்மா டிரங்குப் பெட்டியோடு தெருவைக் கடந்து தம்பி வீட்டுக்குக் குடி போய்விட்டார். இனி தம்பியே கிடையாது என்று சொன்ன அக்காவின் மனதை ஓர் ஆவணப்படம் மாற்றியது என்று தலைப்பு. கலையின் வல்லமை பற்றிக் கடைசியில் ஒரு பத்தி.

குடியிருப்பில் எல்லாருக்கும் அதிசயமாம். நர்ஸம்மாவே மன்னித்துவிட்டார், நமக்கென்ன என்று மாட்டுக்காரர் முதல் ஆளாகப் போய்ப் பேசியிருக்கிறார். லாரிக்காரர் கதை அப்படியேதான் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட நண்பர் இன்னும் வேலையில் இருக்கிறாரே.

இயக்குநரைக் கூப்பிட்டேன். பத்திரிகைக்காரர்கள் அவனிடமும் கருத்துக் கேட்டார்களாம். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

சாயங்காலம் நர்ஸம்மாவே போன் செய்தார். நிருபர் பையன் ஒருவன் வந்து, படம் பார்த்துத்தான் மன்னித்தீர்களா என்று கேட்டானாம்.

"ஆமான்னு சொல்லிட்டேன். நீங்களும் பாவம் அத்தனை நாள் உட்கார்ந்து வெட்டினீங்க. உங்களுக்கும் பேரு வரட்டுமே."

தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல. சின்ன வயசுல இவ்வளவு குறட்டை விடமாட்டான். நேத்து நான் கண்ணை மூடலை. பஸ் ஸ்டாப்புல நின்னு பேசினதே தேவலைன்னு ஆயிடுச்சு. இன்னிக்கு முன் ரூமுக்குப் போடான்னு சொல்லிட்டேன். கதவை மட்டும் சாத்த வேண்டாம்னு இருக்கேன்."